கை கொடுத்தவள்

கேமரா வடிவமைப்பாளரின் மனைவிக்கு ஊசியில் நூல் கோக்க மறந்துபோன அன்றுதான், கேமராவையே தொட்டிராத பத்துப் பேர் அவருடைய புது மாதிரியை வாங்கிப் பிடித்ததும், குனிந்து பார்க்காமலே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைச் சரியாகத் திருப்பினார்கள். அதற்கு முந்தைய மாதிரிகளெல்லாம் குப்பைக்குப் போயிருந்தன. "கண்ணு தேடுனா அது பொத்தானே இல்ல, கைக்குத் தானா தெரியணும்" என்று முதலாளி மேசையைத் தட்டியிருந்தார். வேலை போய்விடும் என்ற பயத்தில் வடிவமைப்பாளர் வீட்டுக்குக் களிமண் கொண்டுவந்தார். மனைவி தையல்காரி, ஊர்க்கதை பேசிக்கொண்டே சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பாள், விரல் அதுபாட்டுக்கு வேலை செய்யும். "கொஞ்சம் கை குடு" என்றார். கட்டியவர் கேட்டால் கொடுக்காமல் இருப்பாளா? மண்ணை அழுத்திப் பிடித்தாள். கைக்குத் தெரிந்ததில் ஒன்று, நூல் கோப்பது, மண்ணோடு போய்விட்டது.

அதன்பின் மாதிரிக்கு ஒன்றாகப் போனது. ஷட்டர் பொத்தானுக்குக் காஜா போனது, ஃபோகஸ் வளையத்தின் இரண்டு மாதிரிகளுக்குத் தாழ்ப்பாள் போடுவதும் தலை சீவுவதும் போயின. விரல்கள் பத்தும் நன்றாகவே இருந்தன; மருத்துவர் மடக்கிப் பார்த்துச் சத்து மாத்திரை எழுதினார். தையல் மெஷினை விற்றார்கள். கடைகளில் கேமரா பறந்தது, விளக்கப் புத்தகத்தைப் பிரித்தவர் எவருமில்லை. விருது மேடையில் அவர், "என் சம்சாரம் கை குடுக்கலைன்னா நான் இல்ல" என்று தழுதழுத்தார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த அவளுக்குத் தட்டத் தெரியவில்லை, சிரித்து வைத்தாள்.

கடைசியாக அவள் கையில் மிஞ்சியது மகளைத் தூங்கவைப்பது மட்டும். நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு தடவு தடவினால் எந்த அழுகையும் அடங்கிவிடும். எடுத்தால் கீழே வைக்க மனம் வராத பிடி வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். களிமண்ணைக் கண்டதும் அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"இதையாச்சும் விட்டு வைங்க. புள்ளைக்கு வேணும்."

"புள்ளைக்காகத்தானே எல்லாம்?"

அதை அவர் மனதார நம்பினார், அதுதான் கொடுமை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அவரே மண்ணில் அமுக்கினார்.

அந்தக் கேமராவை எடுத்தவர் யாரும் கீழே வைப்பதில்லை என்கிறார்கள் கடைக்காரர்கள். வீட்டில் குழந்தை அம்மாவின் கையைத் தள்ளிவிடுகிறது, அது மரக்கட்டையாகத் தலையில் இடிக்கிறது. மத்தியானமானால் அப்பாவின் கேமராவை இழுத்து, பிடியில் கன்னம் வைத்து உடனே தூங்கிவிடுகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, லென்ஸ் உறுத்தாதபடி முழங்கையால் கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறாள்.