பெரியப்பா முன்னிலையில் ஒரு வேகச் சோதனை

மாலைக்குள் சர்வர் கணினி திரும்ப வண்டி ஏறிவிடும் என்று கூடம் முழுக்கப் பேச்சு. அது வந்திறங்கிய அட்டைப்பெட்டியை மாப்பிள்ளை நடைவழியில் திறந்தே வைத்திருந்தார். கட்டடங்களின் பாரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் அந்தக் குடும்ப நிறுவனத்தில், சோதித்துப் பார்க்க வரவழைத்த அந்த இயந்திரத்துக்காக வாதாட ஒருத்திதான் இருந்தாள். கணினிகளைப் பூட்டுவதும் பிரிப்பதும் அவள் வேலை. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். ஆகவே அவள் பெயரும் திருப்புளிதான். நிறுவனர் அவளுடைய பெரியப்பா. மாப்பிள்ளை, பெரியப்பா மகளைக் கட்டியவர்.

மாப்பிள்ளை தேர்ந்தெடுத்தது ஒரு டெஸ்க்டாப். அதன் செயலியில் வேலை செய்யும் கோர்கள் சிலவே. ஆனால் ஒவ்வொன்றும் பாய்ச்சல்காரன். சர்வரின் செயலியிலோ கோர்கள் அதைப்போல் பல மடங்கு. ஒவ்வொன்றும் நிதான நடைக்காரன். இரண்டில் எது தங்குவது என்பதுதான் வழக்கு.

திருப்புளிக்கு இது பெட்டிச் சண்டை அல்ல, பெரியப்பாவின் மருமகளான அண்ணியின் சண்டை. இதுவரை எல்லாக் கணக்கும் ஒரே கணினியில், மூப்பின்படி ஒவ்வொன்றாக ஓடிவந்தது. முதலில் பெரியப்பா, அடுத்து மாப்பிள்ளை, பிறகு மற்றவர்கள், கடைசியில் அண்ணி. அவள் முறை வரும்போது எல்லாரும் பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள். பிழை இருந்தால் திருத்தி மறுபடி ஓட்ட மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். ஒரு பள்ளியின் மாடிப்படி அவள் பொறுப்பில் இருந்தது. இன்றும் முடியாவிட்டால் அது மாப்பிள்ளை கைக்குப் போகும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். மூளையில் வேகம் இருந்தும் முறையில் இடம் இல்லாதவளை மந்தம் என்று முத்திரை குத்துவது எந்த ஊர் நியாயம்? டெஸ்க்டாப் வந்தால் அந்த வரிசை சற்று விரைவாக நகரும். வரிசை மட்டும் வரிசையாகவே இருக்கும்.

முற்பகலில் பெரியப்பா கூடத்துக்கு வந்தார். அவர் வந்தால் அத்தனை கைகளும் விசைப்பலகையிலிருந்து இறங்கி மடிக்குப் போய்விடும். எவரும் ஆணையிட்டதில்லை, மரியாதை என்று பழகிவிட்ட வழக்கம். அந்த அமைதியில் அவர் ஒரே ஒரு கட்டடத்தின் கணக்கை இரண்டு இயந்திரத்திலும் ஓட்டினார். டெஸ்க்டாப் முடித்துவிட்டது. சர்வர் பாதி வழியில் இருந்தது.

“என்ன திருப்புளி, உன் யானை இன்னும் எந்திரிக்கவே இல்லையே?” என்றார் மாப்பிள்ளை. கூடம் சிரித்தது. அண்ணியும் ஒப்புக்குச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியப்பா பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். திருப்புளி தன் மேசையில் கணக்குகளை மொத்தமாக ஏற்றிப் பார்த்தபோது அத்தனை சுறுசுறுப்பாக இருந்த இயந்திரம் இங்கே ஏன் சோர்ந்தது? அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். கூடத்து மடிகளையெல்லாம் பார்த்தாள். விடை அங்கே கிடந்தது.

“பெரியப்பா, ஒரு ஆளு ஒரு கணக்குன்னா அத்தானோட பெட்டிதான் ஜெயிக்கும். நாளைக்கு வெச்சாலும் ஜெயிக்கும். ஆனா இது எல்லாருக்கும் வாங்கற மெஷின். நீங்க நிக்கிறீங்கன்னு எல்லாரும் கைய மடியில வெச்சிருக்காங்க. காலி பஸ்ஸ ஓட்டிப் பாத்துட்டு, ஸ்கூட்டர்தான் வேகம்னா எப்படி?”

மாப்பிள்ளை சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். எல்லாருடைய கணக்கும் ஒரே நேரத்தில் முதலில் டெஸ்க்டாப்புக்கு, பிறகு சர்வருக்குப் போகட்டும், பெரியப்பாவுடையதும் அதில் ஒன்றாக இருக்கட்டும் என்று திருப்புளி கேட்டாள். பெரியப்பா தலையசைத்துத் தன்னுடையதை அனுப்பினார். ஒரு கைகூட எழவில்லை. அவருடையது முடியட்டும் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள்!

“மன்னிச்சுக்கோங்க மாமா” என்று சொல்லி அண்ணி விசையை அழுத்தினாள். அதன்பின் கூடம் முழுக்க விசைகளின் மழை.

டெஸ்க்டாப்பின் விசிறி ஓலமிட்டது. திரையில் அம்புக்குறி தடுமாறி நின்றது.

“என்ன மாப்பிள்ளை, என்னோடது நகரல?”

மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். “உங்களோடது மட்டும் இல்ல மாமா. யாரோடதும் நகரல.”

தன் நிறுவனத்தில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதைப் பெரியப்பா அன்றுதான் கண்டார்.

ஒருவழியாக அது முடிந்தபின் சர்வரின் முறை. ஆளுக்கொரு கோர் கிடைத்தது. நினைவகத்திலிருந்து தரவு வரும் பாதைகளும் அதில் பல. ஒருவர் காலை மற்றவர் மிதிக்கவில்லை. நிதானக்காரர்கள் அனைவரும் ஒன்றாகப் புறப்பட்டு ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். காலையில் டெஸ்க்டாப் தனியாக ஓடியதைவிடப் பெரியப்பாவின் கணக்குத் தாமதம்தான். ஆனால் அது வந்த கையோடு மற்றவர்களுடையதும் வந்து நின்றது.

அண்ணியின் திரையில் ஒரு சிவப்புக் குறி: படி திரும்பும் இடத்தில் உத்தரம் மெலிந்திருந்தது. அவள் திருத்தி அனுப்பினாள், மறுபடி சிவப்பு, மறுபடி திருத்தினாள். பெரியப்பா பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவே இல்லை. பச்சைக் குறி விழுந்தது.

“இவ்வளவு வேகமா திருத்துவியா நீ?”

“என் முறை வந்தா திருத்துவேன் மாமா.”

படிக்கட்டு அவளிடமே இருக்கட்டும், சர்வரும் இருக்கட்டும் என்றார் பெரியப்பா. கட்டட மாதிரியைத் திரையில் சுழற்றிப் பார்ப்பது ஒற்றை ஆள் வேலை. டெஸ்க்டாப் அதற்காக மாப்பிள்ளையின் மேசைக்குப் போகட்டும் என்று தீர்ப்பானது.

அவர் திரும்பினார். கைகள் மறுபடி மடிக்கு இறங்கின.

“நான் வந்தா கைய எடுக்காதீங்கப்பா. மெஷின் என்கிட்ட பொய் சொல்லுது.”

எவருக்கும் நம்பிக்கை வரவில்லை. அண்ணியின் விசைப்பலகை மட்டும் ஒலித்தது; சற்றுப் பொறுத்து இன்னொன்று; அவர் கதவை எட்டுவதற்குள் பலவும். திருப்புளி நடைவழியில் கிடந்த அட்டைப்பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினாள்.

“அந்தப் பக்கம் புடிங்க அத்தான். யானைக்குப் பெட்டி வேணாமாம்.”