கவ்ரீலிச் வாய் திறந்த கதை

1.

எனக்கு எல்லாம் சரியாக நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம். டெம்யான் லூகிச் இதைச் சொன்னபோது நாங்கள் உறைந்த வோல்கா ஆற்றின்மேல் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் நாலு வாக்கியம் பேசினால் பிறகு ஒரு மீன் மாட்டும்வரை வாய் திறக்க மாட்டார். அன்றைக்கு மீன் சரியாக மாட்டவில்லை. ஆகவே இந்தக் கதையில் பாதி அவர் சொன்னது. மீதி, அவர் சும்மா இருந்த நேரங்களில் நானே நிரப்பிக்கொண்டது. எது எவருடையது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். பேச்சில் எண் வரும் இடத்திலெல்லாம் அவர் லேசாகக் கனைத்துக்கொண்டார். குளிர் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். கை அப்படிப் பரபரத்தது.

2.

முதல் தொடக்கம்: "சமாரா விமான நிலையத்தில் அன்று காலை பனி..."

(வேண்டாம். எங்கள் ஊரில் பாதி வருடம் பனிதான். அதை ஒரு செய்தியாகச் சொன்னால் டெம்யான் லூகிச்சே சிரிப்பார்.)

இரண்டாம் தொடக்கம்: "இருபது வருடங்களாக அவர் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் உட்கார்ந்து உலகத்தை..."

(மீன்தொட்டி ஞாபகம் வருகிறது. அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். துப்போலேவ் என்கிற பழைய ரஷ்ய விமானத்தின் மூக்கு கண்ணாடியால் ஆனது. விமானிகள் இருவருக்கும் நடுவே ஒரு குறுகிய வழி கீழிறங்கி அந்த மூக்குக்குள் போகும். அங்கே நேவிகேட்டர் உட்காருவார். விமானத்திலேயே எல்லோருக்கும் முன்னால், எல்லோருக்கும் கீழே, முழங்காலுக்கு அடியில் வானம். திசை பார்ப்பது அவர் வேலை. வெளிநாட்டு வானத்துக்குள் நுழைந்துவிட்டால் ரேடியோவில் ஆங்கிலம் பேசுவதும் அவர்தான். கேப்டன் ஓட்டுவார், நேவிகேட்டர் பேசுவார். அப்படித்தான் அங்கே ஒரு தலைமுறையே பறந்தது.

டெம்யான் லூகிச் நேவிகேட்டர். அவருடைய கேப்டன் சவேலி கவ்ரீலிச், ஐம்பதைத் தாண்டியவர், கரடி மாதிரி உடம்பு. ஏறத்தாழ இருபது வருடங்களாக ஒருவர் ஓட்ட, ஒருவர் பேச, ஒரே விமானம்.

பிறகு கம்பெனி புது விமானங்களை எடுக்க முடிவு செய்தது. வெளிநாட்டுத் தயாரிப்பு. மூக்கில் கண்ணாடி இல்லை, நேவிகேட்டருக்கு நாற்காலியும் இல்லை. இனிமேல் கேப்டனேதான் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அதற்கு வாய்மொழித் தேர்வு. தேறினால் புது விமானம். தேறாவிட்டால் தரையில் ஒரு மேஜை, ஒரு தொலைபேசி.

கவனியுங்கள்: ஆங்கிலம் தெரிந்தவருக்கு நாற்காலி இல்லை. நாற்காலி உள்ளவருக்கு ஆங்கிலம் வாயில் வராது. இதைக் கேட்டதும் என் தூண்டில் ஆடியதையே நான் கவனிக்கவில்லை. பெரிய மீன் ஒன்று போயிற்று.

3.

தேர்வுக்கு ஆங்கில வகுப்பு எடுத்தவர் கபிதலினா அர்க்காத்யெவ்னா. முப்பத்தைந்து வயதுக்குள். நாக்கு கத்தி.

"சவேலி கவ்ரீலிச், வாயத் திறங்க. பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரியே உக்காந்திருக்கீங்க."

"பல் டாக்டர் தேவலம்மா. அங்க மரத்துப்போக ஊசி போடுவாங்க."

பின்வரிசையில் டெம்யான் லூகிச் இருந்தார். அவருக்குத் தேர்வு கிடையாது. சும்மா வந்து உட்கார்ந்தார். ஏன் வந்தார் என்று நான் கேட்டேன். தூண்டில் நூலைச் சுற்றினார்.

அன்றைய பாடம் காற்று. ரஷ்ய மொழியில் காற்றுத்தடைக்கு 'நெற்றித் தடை' என்று பெயர். காற்று எதிரே வந்து நெற்றியில் முட்டுகிறது. ஆங்கிலத்தில் அதுவே 'டிராக்'. யாரோ பின்னால் நின்று சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. கபிதலினா இதைப் பலகையில் எழுதி, ஒரு இறக்கை வரைந்து, முன்பக்கம் ஒரு அம்பு, பின்பக்கம் ஒரு அம்பு போட்டார்.

"இறக்கைக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்கதான் முன்னாலேர்ந்து பின்னால வந்து நிக்கணும்."

அடுத்தது 'ஸ்டால்'. இறக்கையின் நிமிர்வு அளவு மீறிப்போனால் காற்று அதன் முதுகைப் பற்றாமல் பிய்ந்து போகும். தாங்கும் விசை சட்டென்று குறையும். ரஷ்யர்கள் அதைச் 'சரிந்து விழுதல்' என்கிறார்கள். ஆங்கிலச் சொல்லில் விழுவதே இல்லை. நின்றுபோவதுதான் இருக்கிறது.

கவ்ரீலிச் யோசித்தார். "இங்கிலீஷ்காரன் நின்னுட்டேங்கிறான். நாம விழுந்துட்டேங்கிறோம். நம்ம ஆளுதான்யா உள்ளத உள்ளபடி சொல்றவன்."

வகுப்பே சிரித்தது. கபிதலினாவும் சிரித்தார். "இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க பாப்போம்."

சிரிப்பு நின்றது. கவ்ரீலிச் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி, லூகிச், நீங்க ஒரு தடவை பேசிக் காட்டுங்க. இறங்க அனுமதி கேட்கிற மாதிரி."

டெம்யான் லூகிச் எழுந்தார். கட்டுப்பாட்டு அறை அம்மணிக்கு வணக்கம் சொன்னார், கனைத்தார், உயரத்தைச் சொன்னார், முடிவில் 'ப்ளீஸ்' என்றார்.

"ரேடியோல 'ப்ளீஸ்' எதுக்கு? அவங்க என்ன விருந்துக்கா கூப்பிட்டாங்க?"

"எங்கம்மா அப்படி வளத்துட்டாங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

(இந்தப் பகுதி நீளமாகிவிட்டது. வெட்டலாம் என்று பார்த்தேன். மனம் வரவில்லை. ஒரே காற்றை ஒருவன் நெற்றியிலும் இன்னொருவன் முதுகிலும் உணர்கிறான்! இதைச் சொல்லாமல் எப்படி விடுவது?)

4.

தேர்வுக்கு முன் ஒரு ஒத்திகை. கபிதலினா ஒரு ஒலிப்பதிவை ஓடவிட்டார். எங்கோ ஒரு விமானி, எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறை, கரகரப்பு. முடிந்ததும் கவ்ரீலிச் பதில் சொல்ல வேண்டும்.

அவர் சொல்லவில்லை. தலையைக் குனிந்து, வலது முழங்காலைத் தாண்டித் தரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

கபிதலினா பெருமூச்சு விட்டுவிட்டு ரஷ்ய மொழிக்கு மாறினார். "ஒண்ணுமே புரியலையா?"

"ஏன் புரியல? எடது என்ஜின்ல தீ. அணச்சிட்டான். பக்கத்துல எறங்க எடம் கேக்கறான். கீழ கட்டுப்பாட்டு அறைல இருக்கற பொண்ணு மழை பெய்யற ஓடுபாதையக் குடுக்குது, இவனுக்குப் பிடிக்கல. பொண்ணு புதுசு. பயத்துல குரல் மேல போகுது."

ஒரு சொல் தவறில்லை. ஒலிப்பதிவில் யாரும் சொல்லாததைக்கூட அவர் கேட்டிருந்தார்.

"அப்புறம் ஏன் பதில் சொல்லல?"

"லூகிச் சொல்லுவான்னு இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்த இடம் எது என்று பின்வரிசையிலிருந்த ஒருவருக்கு மட்டும் புரிந்தது. கேப்டன் நாற்காலியிலிருந்து வலது முழங்காலைத் தாண்டிக் கீழே பார்த்தால் கண்ணாடி மூக்குக்குப் போகும் வழி தெரியும்.

5.

இங்கே நான் எழுந்து தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். சவேலி கவ்ரீலிச்மேல் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்லவராக ஒரு மனிதர் இருக்க முடியுமா? வாசகருக்குப் பிடிக்கவேண்டும் என்று நானே தேய்த்து மினுக்கிவிட்டேனோ?

அதனால் இதையும் சேர்க்கிறேன். ஒத்திகைக்கு மறுநாள் ஊழியர் பேருந்தில் கவ்ரீலிச் டெம்யான் லூகிச்சிடம் சொன்னது. யோசிக்காமல் சொன்னது.

"புது பிளேன்ல ஒரு பெட்டி இருக்காம்யா. உன் வேலை மொத்தத்தையும் அதுவே பாத்துக்குமாம்."

"பெட்டி மீன் பிடிக்குமா?"

"பிடிக்காது."

"அப்ப மொத்தத்தையும் பாக்கல."

கவ்ரீலிச் வயிறு குலுங்கச் சிரித்தார். டெம்யான் லூகிச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தத் திரும்பலை மறந்துவிடாதீர்கள். பிறகு உங்களிடம் கேட்பேன்.

6.

தேர்வுக்கு முந்தைய வாரம் இருவரும் சேர்ந்து பறந்தது அவர்களுடைய கடைசி—

(அடித்துவிட்டேன். விமானக்காரர்கள் அந்தச் சொல்லைப் பயணத்தோடு சேர்க்கவே மாட்டார்கள். 'ஓரத்துப் பயணம்' என்பார்கள். அப்படியென்றால் அதற்கு அப்புறமும் ஏதாவது இருக்கலாம். ஆற்றில் நான் தெரியாமல் "கடைசியா எப்பப் பறந்தீங்க?" என்று கேட்டதற்கு அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.)

ஓரத்துப் பயணம் அண்டாலியாவுக்கு. விமானம் நிறையக் கோடை விடுமுறைக் குடும்பங்கள். (அந்த வருடம் அந்தப் பழைய விமானத்துக்குத் துருக்கியில் அனுமதி இருந்ததா என்று விமானம் தெரிந்த வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். நானும் தேடினேன், பதில் கிடைக்கவில்லை. டெம்யான் லூகிச் அண்டாலியா என்றார். அண்டாலியாதான்.)

காலை வெயில். மலைகளைத் தாண்டினார்கள். டெம்யான் லூகிச்சின் முழங்காலுக்குக் கீழே கடல் திறந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண்குரல் அவர்களை அழைத்தது: இந்த உயரத்துக்கு இறங்குங்கள், வேகத்தைக் குறையுங்கள், கேட்டதை உறுதி செய்யுங்கள்.

டெம்யான் லூகிச் விரலை ரேடியோவில் பேசும் பொத்தான்மேல் வைத்தார். அழுத்தவில்லை.

"லூகிச்" என்றார் கவ்ரீலிச், விமானத்துக்குள் மட்டும் கேட்கும் உள் இணைப்பில். சாதாரணமாக.

கடலில் ஒரு படகு, பின்னால் வெள்ளைக் கோடு. டெம்யான் லூகிச் அதைப் பார்த்தார்.

பெண்குரல் மறுபடியும் கூப்பிட்டது. இந்த முறை கொஞ்சம் கூர்மையாக.

"லூகிச், தூங்கிட்டியா? கூப்பிடறாய்யா!"

வானம் தெளிவு, எரிபொருள் தாராளம், ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனாலும் பதில் வராத விமானம் என்றால் கீழே இருப்பவர்கள் பதறிப்போவார்கள். துணை விமானி தன் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாராம். கவ்ரீலிச் உள்ளங்கையைக் காட்டி அவரைத் தடுத்தாராம். இது டெம்யான் லூகிச் பார்த்ததல்ல. பிறகு துணை விமானி சொன்னது.

மூன்றாம் அழைப்பு. அதற்குப் பிறகு, இரைச்சல்கூட இல்லாத ஒரு வெறுமை. நின்றதா, விழுந்ததா?

7.

இப்போது என்னிடம் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: கவ்ரீலிச் பொத்தானை அழுத்தி, செய்தி வாசிப்பவர் மாதிரி பிசிறில்லாத ஆங்கிலத்தில்... இல்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும்தான்.

இரண்டாம் வழி: பதற்றத்தில் ரஷ்ய மொழியில் ஒரு நல்ல கெட்டவார்த்தை. கோடை முழுவதும் ரஷ்யர்களோடு மாரடிக்கிற அந்தப் பெண் ரஷ்ய மொழியிலேயே நன்றி சொல்கிறாள். (இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். ஆனால் சிரித்தவுடன் கதை செத்துப்போயிற்று.)

மூன்றாவது, ஆற்றில் கேட்டது. துளையில் மெல்லிய பனி படர்ந்தது. டெம்யான் லூகிச் அதைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"என் காதுல என் கொரல் கேட்டுது."

"உங்க குரலா?"

"நான் பேசல. ஆனா நான்தான்."

கவ்ரீலிச் பொத்தானை அழுத்தியிருந்தார். அம்மணிக்கு வணக்கம் சொன்னார். கனைத்தார். உயரத்தைச் சொன்னார். டெம்யான் லூகிச் எந்த எழுத்தை எப்படி உருட்டுவாரோ அப்படியே உருட்டினார். மறுபடி கனைத்தார், வேகத்தைச் சொன்னார். முடிவில் 'ப்ளீஸ்'.

வேறு எப்படி வரும்? கவ்ரீலிச் தம் வாழ்நாளில் காதாரக் கேட்டு நம்பிய ஆங்கிலம் ஒரே ஒரு மனிதருடையது. அதுதான் உள்ளே இறங்கி, வெளியே வராமல், இத்தனை காலம் காத்திருந்தது.

பெண்குரல் நன்றி சொல்லி அடுத்த விமானத்தை அழைத்தது. அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"தூங்கிட்டியான்னு கேட்டனே?" என்றார் கவ்ரீலிச், தரை தொட்ட பிறகு.

"ஆமா, கண்ணசந்துட்டேன்."

"பொய் சொல்லாதய்யா."

"சரி, சொல்லல."

அதற்குமேல் இருவரும் அதைப் பேசவில்லையாம். அன்று மட்டுமல்ல. பிறகு ஒருநாளும்.

8.

இனி நான் எழுதவேண்டியது ஒன்றுதான்: அவர் ஏன் பொத்தானை அழுத்தவில்லை?

நண்பன் வாய் திறக்கட்டும் என்றா? ஒத்திகையில் அந்த வலது முழங்கால் பார்வையைக் கண்டவர் அவர்தான். தாம் இருக்கும்வரை அவன் பேச மாட்டான் என்று புரிந்து, தாம் அங்கே இல்லாத மாதிரி இருந்து காட்டினாரா?

அல்லது பேருந்தில் சன்னல் பக்கம் திரும்பினாரே, அதுவா? பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றாயே, பார்த்துக்கொள்ளட்டும் என்றா?

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதை எழுதியபோது அவர் புனிதராகிவிட்டார். இரண்டாவதில் சின்னப்புத்திக்காரராகிவிட்டார். இரண்டும் ஒரே விரல், ஒரே பொத்தான். காற்று நெற்றியில் முட்டுகிறதா, முதுகில் இழுக்கிறதா என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. நான் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் நின்று பாருங்கள்.

நான் அவரிடம் நேராகவே கேட்டேன். அந்த நேரம் பார்த்து மீன் மாட்டியது. நல்ல கனமான மீன். கொக்கியை எடுத்தார், பையில் போட்டார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"கிளம்பலாம், காத்து ஏறுது" என்றார்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. என்ன ஆனார்கள் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

சவேலி கவ்ரீலிச் தேர்வில் தேறினார். 'ப்ளீஸ்' அதிகம் என்று தேர்வாளர் சொன்னாராம். ஓய்வு வயதுவரை புது விமானத்தில் கேப்டனுக்கான இடது நாற்காலியில் பறந்தார். இப்போது காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார், யாரிடமும் ஆங்கிலம் பேசுவதில்லை. கபிதலினா அர்க்காத்யெவ்னா திருமணமாகிக் கசான் போனார். அங்கேயும் விமானிகளுக்குத்தான் பாடம் சொல்கிறார். அந்தப் பழைய விமானம் ஓடுபாதைக்கு அப்பால் புல்லில் நிற்கிறது. மூக்குக் கண்ணாடியில் பறவைகள் எச்சமிட்டிருக்கின்றன. டெம்யான் லூகிச் பிறகு பறக்கவில்லை. குளிர்காலத்தில் மீன் பிடிக்கிறார்.

கவ்ரீலிச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய துணை விமானிகள் இப்போது கேப்டன்கள். ரேடியோவில் எண்களைச் சொல்வதற்கு முன் அவர்கள் லேசாகக் கனைத்துக்கொள்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.