மாமனார் பெயரில் ஒரு பித்தப்பை

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே நெருப்போடுதான் வேலை. மனைவிக்கு வெல்டிங், எனக்கு அடுப்பு.

எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைக்கக் கம்பெனியே விசா கொடுத்து அவளை இந்த வெளிநாட்டுக்கு வரவழைத்தது. வீட்டு வாடகை, சாப்பாட்டுப் படி, பஸ் படி எல்லாம் அவள் பெயரில் வரும். ஊரில் மெக்கானிக்காக இருந்த என் விசாவில் ‘சார்ந்திருப்பவர்’ என்று போட்டிருக்கிறது; வேலைக்குப் போகக் கூடாது. பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்களாம். உட்கார எங்கே நேரம்? மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நின்றபடியே சாப்பிடுகிறவன் நான்.

இப்படி இருக்கும்போதுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தேன். பித்தப்பையில் கல், சீக்கிரம் எடுக்காவிட்டால் ஆபத்து என்றார் டாக்டர். இன்ஷூரன்ஸ் கார்டு இருந்தால் ஆபரேஷனுக்குச் செலவே இல்லை. இல்லாவிட்டால் அவளுடைய ஒரு வருடச் சம்பளம் போய்விடும். அவளுக்குக் கார்டு வந்துவிட்டது, எனக்கும் மகளுக்கும் வரவில்லை.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கவுன்ட்டர் பெண்மணி எங்கள் மூன்று பாஸ்போர்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். குடும்பப் பெயர் என்ற இடத்தில் மனைவிக்கு அவள் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர், மகளுக்கு என் பெயர். மூன்று குடும்பம் சேர்ந்து ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்களா என்று கேட்டார். எங்கள் ஊரில் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயர்தான் என்று விளக்கி, கல்யாணச் சான்றிதழையும் நீட்டினேன். அவருக்குப் புரிந்தது, கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை. கார்டில் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டுமாம். உங்கள் மனைவியின் கார்டு கம்பெனிப் பதிவுப்படி வருகிறது, அதில் அவரை உங்கள் குடும்பப் பெயருக்கு மாறச் சொல்லுங்கள், மகளுக்கும் அதையே போட்டுவிடலாம், ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார்.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“சர்டிபிகேட் எல்லாம் அப்பா பேரோடதாங்க இருக்கு. பேரை மாத்தினா மறுபடி வெல்டிங் டெஸ்ட் பண்ணிக் காட்டணும். அதைக்கூடப் பண்ணிடுவேன். யார் வச்சதுன்னு தெரிய ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்துலயும் முத்திரை அடிக்கிறேனே, அப்பா பேரோட முதல் எழுத்தும் என் எழுத்தும்… அதை மாத்தச் சொல்றீங்க.” கையுறையைக் கழற்றி வைத்தாள். பிறகு, “உங்க உசுரை விட அது பெருசில்ல. மாத்திடுறேன்” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

அவள் அப்பா பஸ் கண்டக்டர். மூன்றும் பெண்களாகப் பிறந்ததால், பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லையே என்று ஊரே அவருக்காக வருத்தப்பட்டது. பொம்பளைப் பிள்ளைக்கு வெல்டிங்கா என்று சிரித்தவர்கள் நடுவில் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வெல்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டவர் அவர். இன்று அவள் வைத்த ஜாயின்ட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒரு குறை சொல்ல ஆள் இல்லை. எனக்கு அவளை நினைத்து அவ்வளவு பெருமை. அந்த முத்திரையை என் வயிற்றுக்குள் கிடக்கிற ஒரு கல்லுக்காக அழிப்பதா?

வலியோடு வலியாக யோசித்தேன். எல்லோருக்கும் ஒரே பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? அது என் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கம்ப்யூட்டர் சொன்னது?

மறுநாள் அதையே கவுன்ட்டரில் கேட்டேன். கார்டில் மட்டும்தானே, எனக்கும் மகளுக்கும் மனைவியின் குடும்பப் பெயரைப் போடுங்கள் என்றேன். எந்தக் கணவனும் இப்படிக் கேட்டதில்லை என்று சொல்லி, நிஜமாகத்தானா என்று இரண்டு முறை கேட்டார். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தடையில்லை என்றார். என் அப்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“பாஸ்போர்ட்ல நான் இருக்கேன்ல?”

“இருக்கீங்கப்பா.”

“அப்புறம் என்ன? முதல்ல கல்லை எடு.”

கார்டு வந்தது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது மைக்கில் யாரையோ கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். மனைவி என் விலாவில் இடித்தாள். “உங்களைத்தாங்க!” சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அவள் அப்பா பெயருக்கு முன்னால் மரியாதையாக ஒரு ‘மிஸ்டர்’ போட்டு, அந்தப் பெரிய கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டிருந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் மாமனாருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

“மாமா, உங்க பேரை மைக்குல கூப்பிட்டாங்க.”

 மாமனார் தொண்டையைச் செருமினார்.

“எந்திரிச்சுப் போனீங்களா மாப்ள?”

“போனேன் மாமா.”

“நிமிர்ந்து போனீங்களா?”

“கல்லு வச்சுக்கிட்டு எங்க நிமிர்றது? குனிஞ்சுக்கிட்டேதான் போனேன்.”

“அதானே பார்த்தேன். வெளிய வரும்போதாவது நிமிர்ந்து வாங்க. என் பேர்ல போயிருக்கீங்க.”

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் இழுக்க இழுக்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்னங்க இது, இப்படி விறைச்சுக்கிட்டு?”

“உங்கப்பா வர்றாரு, தெரியலையா? மரியாதையா கதவைத் திற” என்றேன்.