வாசிக்க முடிந்த ஒரே சொல்

சுருக்கெழுத்து வகுப்பில் சேர்ந்து நாலாவது கிழமைதான் ஆகியிருந்தது. அதற்குள் பாலேஸ்வரியின் கை சும்மா இருக்க மறுத்தது. கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு முன்னறையில் வகுப்பு நடத்திய மிஸ் ஐறீன், புத்தகத்தில் உள்ளதை மட்டும் எழுதினால் வேகம் வராது, காதில் விழுவதையெல்லாம் எழுதிப் பழகவேண்டும் என்று சொல்லியிருந்தார். பாலேஸ்வரி வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் கொண்டக்டர் கூவுவதை எழுதினாள். வானொலிச் செய்தியை எழுதினாள். ஆங்கிலத்துக்கென்று உண்டான எழுத்துத்தான். ஆனால் ஒலியை எழுதுவதால் தமிழையும் அதில் பிடிக்கலாம் என்று தானாகவே கண்டுகொண்ட நாளில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு குறைதான். உயிரொலிகளுக்குக் கோட்டின் பக்கத்தில் புள்ளியும் சிறு கீறும் போடவேண்டும். அவசரத்தில் அவற்றை விட்டுவிடுவாள். எழுதிய அன்றைக்கு வாசிக்க வரும். மூன்று நாள் போனால் எல்லாம் வெறும் வளைவும் நெளிவும்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதமாகியிருந்தது. கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், சரோஜினிதேவி என்ற விதவையின் வீட்டில் பின்னறை அவளுக்கு. அடையாள அட்டை, வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் செய்யவேண்டிய பொலிஸ் பதிவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆகையால் அந்த வியாழக்கிழமை காலையில் ஒழுங்கையின் இரண்டு முனையையும் ஆமி மறித்து, வீடு வீடாகச் சோதிக்கத் தொடங்கியபோது அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை.

அலுமாரியைக் கிளறிய பெண் பொலிஸ் அவளுடைய சுருக்கெழுத்துக் கொப்பியை எடுத்தாள். விரித்தாள். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள்.

“மே மொகக்த?” என்று கேட்டாள். இது என்னவென்று.

பாலேஸ்வரி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் வகுப்பு, படிப்பு என்றாள். அந்தப் பெண் கொப்பியோடு வெளியே போனாள். சிறிது நேரத்தில் பாலேஸ்வரியையும் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். வாசலில் நின்ற சரோஜினிதேவியின் முகம் வெளுத்திருந்தது. தனக்காகத்தான் அன்ரி பயப்படுகிறா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பொலிஸ் நிலையத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் சத்தம் போடுகிறவர் அல்ல. கதிரையில் உட்காரச் சொன்னார். நிதானமான ஆங்கிலத்தில் பெயர், ஊர், யார் யாரைத் தெரியும் என்றெல்லாம் கேட்டார். பிறகு கொப்பியின் நடுப்பக்கம் ஒன்றை விரித்து வாசிக்கச் சொன்னார்.

அவள் பார்த்தாள். அவள் கைதான் எழுதியிருந்தது. ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை. முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி.

நீ எழுதியதை உனக்கே வாசிக்கத் தெரியாதா என்று அவர் கேட்டார். தான் புதிதாகப் படிப்பதாகவும் உயிரொலிகளைப் போடவில்லை என்றும் அவள் சொன்னாள். சொல்லும்போதே அது பொய்போலத்தான் அவளுக்கும் கேட்டது. ஏதாவது ஒன்றையாவது வாசித்துக் காட்டவேண்டும் என்ற பதற்றத்தில் தேடினாள். ஐந்தாவது வரியில் ஒரு சொல்லுக்கு மட்டும் புள்ளியெல்லாம் வைத்திருந்தாள்.

“மாளிகாவத்தை,” என்றாள்.

இன்ஸ்பெக்டர் அந்த இடப்பெயரைத் தன் தாளில் குறித்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த மக்கீன் என்பவரைக் கூட்டிவந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, பொக்கெற்றில் இரண்டு பென்சில். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை மௌனமாகப் பார்த்தார். ஒருதரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விரலை வரிகளின்மேல் ஓடவிட்டு ஆங்கிலத்தில் வாசித்தார். வியாபாரக் கடிதம். தங்கள் கடிதம் கிடைத்தது, துணிப்பெட்டிகள் மாளிகாவத்தையிலுள்ள எங்கள் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்தன, இப்படிக்கு. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்தான், கோடெல்லாம் படுமோசம், இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருசம் வேண்டும் என்றும் சொன்னார்.

அப்படியொரு கடிதத்தை மிஸ் ஐறீன் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அப்போதுதான் பாலேஸ்வரிக்கு நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஹோலில் சரோஜினிதேவி டெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தா. கதவுக்குப் பின்னால் கட்டிலில் இருந்து, என்ன கதை என்றுகூடக் கவனிக்காமல், வேகத்துக்காக அவள் ஒலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போகலாம் என்றார் இன்ஸ்பெக்டர். கொப்பியைக் கொடுக்கவில்லை. மேலிடத்துக்கு அனுப்பவேண்டுமாம்.

வெளிவாசலில் செருப்பைச் சரிசெய்வதுபோல மக்கீன் குனிந்தார்.

“ஆரு கதைச்சதுன்னு எனக்குச் சொல்ல வேணாம், மகள்,” என்றார். “ஆனா அவங்கட காதுல போடுங்க. நளீபா வூட்டுல பதிவில்லாம ஈக்கிற புள்ளைய இன்டைக்கே மாத்தச் சொல்லுங்க. கொப்பி போற இடத்துலயும் தமிழும் இந்த எழுத்தும் தெரிஞ்ச ஆக்கள் ஈக்கிறாங்க.”

அவர் பஸ் தரிப்புப் பக்கம் நடந்துபோனார். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சரோஜினிதேவி குசினி அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தா. மகன் தயாபரன் மட்டக்களப்பில் வேலை செய்கிறான் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தா. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் செவ்வாய்க்கிழமை வரும்வரை, பழைய சிநேகிதி நளீபாவின் மாளிகாவத்தை வீட்டில் அவனை ஒளித்துவைத்திருந்தா.

“நான் வாய்க்குள்ளை கதைச்சதைக்கூட எழுதினனீரோ, பிள்ளை?” என்று மட்டும் கேட்டா. ஏச்சு இல்லை. அதுதான் அவளால் தாங்கமுடியாமல் இருந்தது. அடுத்த நிமிடம் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டா.

தயாபரன் அன்று மாலையே இடம் மாறினான். சனிக்கிழமை பகலில் நளீபாவின் வீட்டை வளைத்தார்கள். அவனைக் காணாமல் நளீபாவின் புருசன் புவாத்தைக் கொண்டுபோய், இரண்டு நாள் வைத்திருந்து பிறகு வெளியே விட்டார்கள். புவாத் அதன்பிறகு ஒரு மாதம் கடை திறக்கவில்லை. வெள்ளவத்தை வீட்டுக்கு மட்டும் ஏனோ எவரும் வரவில்லை. ஏஜென்ட் செவ்வாய்க்கிழமை வந்தான். பையன் போய்ச்சேர்ந்துவிட்டான் என்று ஏழு கிழமை கழித்து ஒரு டெலிபோன் வந்தது. அந்த மாதத்தோடு வேறு அறை பார்க்கும்படி சரோஜினிதேவி அவளுக்குச் சொல்லிவிட்டா.

மக்கீனுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஒருநாள் காலை நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனாள். அவருடைய மேசையில் வேறொருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மக்கீன் வருவதில்லை என்றார். எப்போதிருந்து என்று கேட்டாள். அவர் சொன்ன கணக்கில் அது, மக்கீன் அந்தத் துணிக்கடிதத்தை வாசித்த கிழமைக்கு அடுத்த கிழமை.

“எங்கை போனவர் எண்டு தெரியாது,” என்றார் அவர். “ஆர் தேடி வந்தாலும் பெயரை எழுதி வைக்கச் சொல்லியிருக்கினம். உங்கடை பெயர்?”

அவர் தாளை இழுத்துப் பேனாவோடு காத்திருந்தார்.

“பழனியம்மா,” என்றாள் பாலேஸ்வரி.