சோல்மியின் பச்சைப் புள்ளிகள்

என் பேர் மின் ஓக்ஹி. பூசானில் ஒரு கடல் ஆவணக் காப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கடற்கரை நெடுக எங்களுக்கு ஆட்கள் உண்டு. தினமும் காலை பத்து மணிக்கு அலைதடுப்புச் சுவரின் நுனிக்குப் போய், வாளியில் கடல் தண்ணீரை மொண்டு, வெப்பமானியை விட்டுப் பார்த்து, புத்தகத்தில் எழுதி மாதாமாதம் அனுப்புவார்கள். அதைச் சரிபார்த்துப் பத்திரப்படுத்துவது என் வேலை. சரிபார்த்து என்று எழுதும்போதே எனக்கு வாய் கசக்கிறது.

எப்படிச் சரிபார்ப்போம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிலையத்தின் எண், அதன் இரண்டு பக்கத்து நிலையங்களின் சராசரியிலிருந்து மூன்று டிகிரிக்கு மேல் விலகினால் அது தப்பு. அதை எடுத்துவிட்டு அந்தச் சராசரியைப் போட வேண்டும். காலி இடம் இருந்தாலும் அப்படித்தான். பிறகு திரையில் ஒரு பச்சைப் புள்ளி விழும். பச்சை விழுந்துவிட்டால் அந்த எண் நாட்டுக்கே சொந்தம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்த விதியை எழுதியவள் நான்தான். மேடையில் ஏற்றிப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் அதைச் சட்டம் போட்டு என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியும் வைத்தேன்.

போன மார்ச் மாதம் ஒரு நாள் மாலை, அன்றைய அளவை முடித்துவிட்டு, சோல்மி என்ற கடலோர ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பியோ கில்மான், அங்கே முப்பது வருடமாக வாளி தூக்குகிறவர். கிழக்குக் கரையிலேயே ஒரு நாள்கூட விடாமல் அளந்தவர் அவர் ஒருவர்தான். இன்னொருத்தி குவாக் மால்சுன், ஊரில் கடலில் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்களுக்குத் தலைவி. வந்தவுடன் ஒரு கட்டு உலர்ந்த பாசியை என் மேசையில் வைத்தாள்.

"எங்க ஊர்ப் பாசின்னு நெனச்சுக்காதீங்க மேடம். எங்க ஊர்ல இப்ப ஏது பாசி? வர்ற வழியில சந்தையில வாங்கினது. ஊர்ல பொறந்தநாளுக்கு வழக்கமா வைக்கிற பாசி சூப்புக்குக்கூட கடைப் பாசிதான்."

காகிதக் கோப்பையில் காப்பி கொடுத்து விஷயத்தைக் கேட்டேன். சோல்மிக்குப் பக்கத்தில் ஒரு மின் நிலையம். 2001 கடைசியில் திறந்தது. அதன் வெந்நீர் ஊர்ப் பாறைத்திட்டிலேயே வந்து விழுகிறது. இப்போது இன்னொரு உலை கட்டப் போகிறார்கள், அதன் வெந்நீருக்கும் அதே குழாய் வாய்தான். குழாயைப் பாறைத்திட்டுக்கு அப்பால் ஆழத்துக்குக் கொண்டுபோங்கள் என்று ஊர் கேட்கிறது. கடல் எங்கேயும்தான் சூடாகிறது, எங்கள் மேல் ஏன் பழி என்கிறது மின் நிலையம். இன்றைக்கு அளந்து காட்டினால் பயனில்லை. மின் நிலையம் திறந்த அந்தக் குளிர்காலத்தில் சூடு சட்டென்று ஏறியதைக் காட்ட வேண்டும். வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்தில் விசாரணை. தோற்றால் மிச்சமிருக்கும் பாறையும் வெந்துவிடும்.

"பியோ அண்ணன் அளந்து வச்சிருக்காரே, நமக்கென்ன கவலைன்னு தைரியமா இருக்கோம்," என்றாள் மால்சுன்.

அச்செடுத்துக் கொடுத்தேன். பியோ அலமாரி வாடை அடிக்கும் கோட்டை ஒதுக்கிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டி, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது யாரோட எண்ணு மேடம்?"

"உங்களோடதுதான் ஐயா. சோல்மி நிலையம்."

"என்னோடது இல்ல."

"பதிமூணு வருஷமாச்சே ஐயா. ஞாபகம் கொஞ்சம் முன்ன பின்ன..."

"2002, பிப்ரவரி ஏழு. என் பொண்டாட்டியப் பொதச்ச மறுநாள். பதினாலு புள்ளி மூணு. அன்னிக்கும் போயி அளந்தேன்னு ஊரே திட்டிச்சு. இவகூடத் திட்டினா."

"திட்டினேன்தான். பொண்டாட்டி போயும் வாளிய விடல, மனுசனா இவருன்னு கேட்டேன்," என்றாள் மால்சுன்.

காகிதத்தில் அந்த நாளுக்கு 9.7 என்று இருந்தது.

கணினியில் திருத்தப் பட்டியலைத் திறந்தேன். எந்த நாளில் திருத்தம் நடந்தது என்று மட்டும் அதில் இருக்கும். பழைய எண் இருக்காது. இரண்டு எண் இருந்தால் குழப்பம், புதியதை மேலேயே எழுதிவிடுங்கள் என்று சொன்ன அறிவாளி நான்தான். அந்த ஜனவரியில் முப்பத்தொரு நாளில் இருபத்தொன்பது நாள் திருத்தம். பிப்ரவரி முழுக்கத் திருத்தம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குளிர்காலமும் அப்படியே. அவ்வளவும் பச்சை. காய்ச்சல்காரனின் சீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களின் உடம்புச் சூட்டை எழுதி, ஆள் நன்றாக இருக்கிறான் என்று ஊருக்கு அறிவித்திருக்கிறேன். பதிமூன்று வருடம்!

மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். மால்சுன் காப்பியைக் கீழே வைத்தாள்.

"அப்போ இவரு பனியில வழுக்கி வழுக்கிப் போயி அளந்தாரு. நீங்க நாற்காலியில ஒக்காந்து அளந்தீங்க. நல்லாத்தான் பங்கு போட்டிருக்கீங்க."

பியோ மட்டும் பதறவில்லை. "எண்ணு போனாப் போவுது. நான் அனுப்புன புத்தகம் இருக்குமில்ல? என் கையெழுத்துல?"

கணினியில் ஏற்றிய புத்தகங்களைப் பத்து வருடம் கழித்துக் கூழாக்க அனுப்புவோம். 2002-ஆம் ஆண்டுப் புத்தகங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. உத்தரவில் கையெழுத்து என்னுடையது.

"ஒரு நகல்கூட நீங்க வச்சுக்கலையா ஐயா?" என்று நான் கேட்டேனே, என் வாயைத் தைக்க வேண்டும்.

"காப்பகம்னு பேரு வச்சிருக்கீங்க. நான் எதுக்கு மேடம் தனியாக் காப்பாத்தணும்?" என்றார். பிறகு உள்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "இந்த ஒண்ணுதான் இருக்கு. ஆபீசுலேருந்து எனக்கு வந்த ஒரே கடுதாசி."

2002 மார்ச்சில் நான் எழுதிய கடிதம் அது. சோல்மி நிலையத்தின் கீழ்க்கண்ட பன்னிரண்டு அளவுகள் பக்கத்து நிலையங்களைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாக உள்ளன, ஏற்க இயலாது என்று தேதிவாரியாகப் போட்டிருந்தேன். பிப்ரவரி ஏழு, 14.3 அதில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் அழித்ததில் உலகத்தில் தப்பிப் பிழைத்தவை அந்தப் பன்னிரண்டு எண்கள்தான். அவற்றுக்கு அடியில் இப்படி முடித்திருந்தேன்: வாளியை வெயிலில் வைக்க வேண்டாம். அளப்பவர் நிதானத்தில் இருந்து அளக்க வேண்டும்.

"நான் குடிக்கிறதில்ல மேடம்," என்றார் பியோ. "அப்பவே எழுதிக் கேக்கணும்னு இருந்தேன். பெரிய ஆபீசு, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன். புதுசா ஒரு வெப்பமானி வாங்கி அளந்து பாத்தேன். அதுலயும் அதே எண்ணுதான்."

அவர்களை உட்கார வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். சோல்மி எண்கள் எங்கள் விதியால் மாற்றப்பட்டவை என்று காப்பகம் ஒரு கடிதம் தர வேண்டும் என்றேன். இயக்குநர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நூத்திப்பத்து நிலையம் இருக்கு ஓக்ஹி. ஒண்ணு தப்புன்னு எழுதிக் குடுத்தா மிச்சம் எல்லாத்தையும் கேப்பான். நீங்க வருத்தப்படுங்க, வேணாங்கல. காப்பகம் வருத்தப்படக் கூடாது."

"அப்போ அந்த ஊரு?"

"அந்தக் கடுதாசிக்கு உண்மை நகல்னு முத்திரை போட்டுக் குடுங்க. அது நம்ம கடுதாசிதானே, அதுல பொய் இல்லையே."

முத்திரை போட்டேன். வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நானே சாட்சி சொல்லவும் போனேன். ஐந்து மணி நேரப் பேருந்து. இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை.

மாவட்ட அலுவலகக் கூடம் நிறைய சோல்மிக்காரர்கள். மின் நிலையத்தின் வக்கீல் ஓர் இளம்பெண், ரொம்ப மரியாதைக்காரி. கடிதத்தை என் முன்னால் இரண்டு கையாலும் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானேங்க?"

"ஆமா. ஆனா நான் எழுதினதுதான் தப்பு. அவர் அளந்தது சரி."

"நிதானத்துல இருந்து அளக்கணும்னு எழுதியிருக்கீங்க. ஒரு காரணமும் இல்லாமயா ஒரு பெரிய மனுசன இப்படிக் கேட்டிருப்பீங்க?"

"தெரியாம எழுதினேன்."

"அன்னிக்குத் தெரியாம எழுதினவங்க இன்னிக்குத் தெரிஞ்சுதான் பேசறீங்கன்னு நாங்க எப்படிங்க எடுத்துக்கிறது? சோல்மிக்கு நேர்ல போய் அளந்து பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"இல்ல."

விசாரணைக் குழுவில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவள் அந்தக் கடைசி வரியை எடுத்து, நிறுத்தி நிதானமாக, கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள். பியோ முதல் வரிசையில் அதே கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் அவருடைய ஊரே இருந்தது. அந்த 14.3 பெண்டாட்டியைப் புதைத்த மறுநாள் அளந்த எண் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். துக்கத்தில் இருந்தவர் எப்படித் தெளிவாக அளந்திருப்பார் என்று அடுத்த கேள்வி வரும் என்பது புரிந்து, வாயை மூடிக்கொண்டேன்.

மதியம் முடிவைச் சொன்னார்கள். சரிபார்க்கப்பட்ட அரசு ஆவணத்தின்படி, 2001-க்கு முன்னும் பின்னும் சோல்மிக் கடலின் சூட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நிராகரிக்கப்பட்ட பன்னிரண்டு அளவுகள் அளப்பவரின் கவனக்குறைவையே காட்டுகின்றன. குழாய் இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

வெளியே வாசலில் பியோவின் முன்னால் இடுப்பு மடியக் குனிந்தேன். நிமிர மனம் வரவில்லை. மன்னியுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது.

"இன்னிக்குப் பத்து மணிக்கு நான் அளக்கல," என்றார் அவர். "முப்பது வருஷத்துல இதான் மொதத் தடவ. உள்ள ஒக்காந்து, நான் குடிகாரனா இல்லையான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"குனிஞ்சது போதும் மேடம், பஸ்ஸு போயிடும்," என்றாள் மால்சுன். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

விதியை நிறுத்தச் சொல்லி மறுநாளே எழுதிக் கொடுத்தேன். ஆராய ஒரு குழு போட்டிருப்பதாக இயக்குநர் சொன்னார். குழுவில் என் பேர் இல்லை. பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம்.

திங்கட்கிழமை பத்தேகாலுக்குச் சோல்மியின் அன்றாடப் படிவம் திரையில் வந்தது. இப்போதெல்லாம் கைபேசியிலேயே நிரப்பி அனுப்புகிறார்கள். தேதி சரி, நேரம் சரி. காற்று வடகிழக்கு, அலை ஒரு மீட்டர். நீரின் சூடு என்ற இடம் காலியாக இருந்தது. முப்பது வருடத்தில் பியோ கில்மான் எதுவும் எழுதாத குறிப்பு என்ற கட்டத்தில் மூன்று வரி இருந்தது.

தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன். சுடுகிறது. எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் தொலைபேசியை எடுத்து அவர் எண்ணை அழுத்தி முடிப்பதற்குள், கணினி அந்தக் காலி இடத்தில் 9.9 என்று நிரப்பிப் பச்சைப் புள்ளியும் வைத்துவிட்டது.