பின் கேட்டிலிருந்து நாற்பத்தோரு மீட்டர்

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருப் பள்ளிக்குப் பின்னால் ஒரு கேட் உண்டு. அதை ஒட்டிய சந்தில் போய், உடைந்த சுவரின் ஓட்டையில் புகுந்தால் டாஸ்மாக். குடித்துவிட்டு அங்கேயே உருண்டு கிடப்பவர்களுக்குப் பயந்து, ஏழாவது படிக்கும் என் மகள் சிம்ரன் பள்ளிக்கூடமே வேண்டாமென்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்.

பள்ளியிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் மகளிர் குழுவில் கார்த்திகா கம்ப்யூட்டர் தெரிந்தவள். நாங்கள் பத்துப் பேர் போனைப் பிடித்துக்கொண்டு நடக்க, அவள் சந்து பொந்தையெல்லாம் வரைபடத்தில் ஏற்றினாள். பின் கேட்டிலிருந்து கடைக்கு நாற்பத்தோரு மீட்டர் வந்தது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு என் வீட்டுக்காரர் தங்கவேலும் கூட வந்தார். பச்சையம்மன் மேல் சத்தியம் செய்து குடியை விட்டவர் என்று இரண்டு வருஷமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கார்த்திகாவின் லேப்டாப்பில் வரைபடத்தைப் பார்த்தார்.

"ஜனங்க வழக்கமா நடக்கிற வழியைத்தாம்மா அளப்போம். இது உடைஞ்ச சுவரு. ரோட்டு வழியா இருநூறு மீட்டர் வருது. நீங்க அளக்கறதுக்காக நடந்தீங்க. தினமும் இதுல யார் நடக்கறாங்க?"

கார்த்திகாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"நான் நடக்கறேன் சார்" என்றார் தங்கவேல்.

திரும்பிப் பார்த்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"கடையாண்ட பைக் நின்னா ஊட்ல தெரிஞ்சிடும் சார். அதான் இஸ்கூல் பின் கேட்டாண்ட உட்டுட்டு, அந்த ஓட்டைல பூந்து போய்கினு கீறேன். என்ன மாதிரி இருவது பேரு கீறாங்க. இதோ, போன் மேப்புல எல்லா நாளும் கீது, பாருங்க."

போன மாதம் மட்டும் பதினெட்டு நாள். பதினெட்டும் என்னிடம் ஓவர்டைம் என்று சொன்ன நாட்கள். அடப்பாவி மனுஷா.

"பேரோட எழுதித் தருவியா?"

"தரேன் சார்."

எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஆத்திரமும் வந்தது, கண்ணும் கலங்கியது. வெளியே வந்ததும், "ஊட்டுக்கு வா, கீது உனக்கு" என்றேன். "வரேன்" என்றார் பவ்யமாக. கார்த்திகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதிகாரிகள் வந்து டேப் பிடித்து அளந்ததில் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. பத்தே நாளில் கடையைக் காலி செய்தார்கள்.

கையெழுத்து விஷயத்தைத் தெருவே பேசியது. சிம்ரனுக்குத் தெரியாமலா இருக்கும்? கடை காலியான அன்று சாயங்காலம் அப்பா முன்னால் போய் நின்றாள். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நீயே என்ன இஸ்கூல்ல உடு நைனா" என்றாள். "பின் கேட்டாண்ட."