அளவு பார்க்கப் போனவன்

எனக்குத் தூக்கமே வருவதில்லை என்று மனநல ஆலோசகரிடம் சொன்னேன். அன்று காலைதான் கல்லூரியில் அடுத்தடுத்து இரண்டு வகுப்புகளில் நிம்மதியாகத் தூங்கிவிட்டு வந்திருந்தேன். முகம் கொஞ்சம் தெளிச்சியாகவே இருந்திருக்கும். அவர் அதைக் கவனிக்கவில்லை. டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அவருடைய அறை. கீழே சக்கரம் கழற்றும் இயந்திரம் அலறும்போதெல்லாம் "ம், சொல்லுங்க" என்பார். அலறல் நின்றதும் நான் சொல்லி முடித்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்.

"காதல் தோல்வியா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். தோற்க வேண்டுமென்றால் முதலில் யாராவது நம்மை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். "இல்ல சார்" என்றேன்.

என் வயதில் தனக்கும் இப்படித்தான் இருந்தது என்று ஆரம்பித்தார். அவருடைய அப்பா அவரை மதிக்காதது, அண்ணன் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டது, அதன்பின் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து ஓடத் தொடங்கியது என்று வரிசையாக வந்தது. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்ததும் "இப்ப மனசு லேசா இருக்கில்ல?" என்று கேட்டார். அவருக்கு லேசாகியிருந்தது நன்றாகவே தெரிந்தது.

தூக்கம் வராதவள் என் அக்கா.

அக்கா பல்செட் செய்பவள். டாக்டர்கள் வாய்களை அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவாள். வேலை முடிந்த தாடைகளில் சில எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிடும். முகம் தெரியாத மனிதர்களின் கடவாய்கள் என் பாடப் புத்தகங்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் வேலையிடத்தில் இடுக்கியில் ஒரு பல்லைப் பிடித்தபடி உட்கார்ந்தவள், அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று முடிவெடுக்க முடியாமல், கடை மூடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். அதன்பின் போகவில்லை. "என்னதான் ஆச்சு?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதை மட்டும் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. கல்யாணம் நின்றுபோனது, யாரோ ஏமாற்றினார்கள் என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு திருப்தியாகப் போயிருப்பார்கள்.

முதலில் அவளையேதான் அழைத்துப் போனோம். நகரத்தின் அந்தக் கோடியில் பெரிய பெயருள்ள ஒருவரிடம். வீட்டில் நாலு வார்த்தை பேசாதவள், அந்த மூடிய கதவுக்குப் பின்னால் நெடுநேரம் பேசினாள். வெளியே வந்தபோது முகம் கழுவிய மாதிரி இருந்தது. அவர் சொன்னதை அம்மாதான் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பாருங்கள், சீக்கிரம் வேலைக்குத் திரும்புங்கள் என்றாராம். திரும்பி வருகிற வழியில் பஸ்ஸுக்குள் அக்காவுக்கு மூச்சு அடைத்தது. பாதியில் இறங்கி நடந்தே வந்தோம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"இனிமே வண்டில ஏற மாட்டேன். முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்ல இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் எங்கிட்டத் தெம்பு இருக்கு. சரியான ஆளா இருந்தா, நடந்து போற தூரமா இருந்தா, சொல்றேன். இல்லன்னா விட்ருங்க."

விட்டுவிடுவது என்றால் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

யோசனை அம்மாவுடையது. அம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். எனக்கும் அக்காவுக்கும் தோள் அளவு ஒன்றுதான். சிறுவயதில் அக்கா ஓர் இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால், அவளுடைய உடுப்புகளை என் மேல் போட்டுத்தான் அம்மா ஊசி குத்துவாள். வீட்டில் என் பெயரே பொம்மை. அக்காவின் பூப்போட்ட கவுனில் நான் நிற்கும் படம் ஒன்று உறவினர்கள் எல்லோரிடமும் உண்டு.

"நீ போய் ஒரு தடவ போட்டுப் பாத்துட்டு வாடா பொம்ம" என்றாள் அம்மா. "அவளுக்கு என்னென்ன பண்ணுதோ அதெல்லாம் உனக்குப் பண்ணுதுன்னு சொல்லு. உனக்குப் பொருந்துனா அவளுக்கும் பொருந்தும்."

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அப்பாவுக்கும் இது நியாயமாகப் பட்டது. "பழகுறவன் கையில புது வண்டியவா குடுப்பாங்க? பழசுதான் குடுப்பாங்க" என்றார். பழசு யார் என்று நான் கேட்கவில்லை.

அக்காவிடம் பாடம் கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, பிச்சுப் பிச்சுச் சொன்னாள். தூக்கம் வருவதில்லை. பசிக்கிறதா என்று யாராவது கேட்டால்தான் பசி தெரிகிறது. கை தன்னுடைய கை மாதிரி இல்லை, யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனது மாதிரி இருக்கிறது. எந்தப் பரீட்சைக்கும் நான் இப்படி மனப்பாடம் செய்ததில்லை.

டயர் கடைக்கு மேலே இருந்தவரைக் கழித்துவிட்டு, அடுத்த தெருவில் ஓர் அம்மையாரிடம் போனேன். இதமாகப் பேசினார். கை விஷயம் வரைக்கும் வந்துவிட்டேன். சட்டென்று கண்ணாடியைக் கழற்றி என்னை உற்றுப் பார்த்தார். "நீ யூனிஃபார்ம் தைக்கிறவங்க வீட்டுப் பையன்தானே? என் பேத்திக்கு உங்க அம்மாதான் தைச்சுக் குடுத்தாங்க. இடுப்பு கொஞ்சம் லூசு." சாயங்காலமே சீருடை வாங்க வந்த ஒருத்தி அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "தம்பிக்கு மனசு சரியில்லையாமே" என்றாள். மறுநாளிலிருந்து தெருவில் எனக்கு ஒரு தனி மரியாதை. மளிகைக் கடைக்காரர் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். என்னோடு கிரிக்கெட் ஆடுகிறவர்கள் நான் அவுட் ஆனதை ஏற்றுக்கொள்ள மறுத்தார்கள்.

இதை அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன். மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது. அந்தச் சத்தம் கேட்டு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

மூன்றாவது ஆள், முதுகுவலிக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தின் பின்கட்டில் இருந்தார். நடுத்தர வயதுப் பெண். ஜலதோஷம் பிடித்து, கையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் பொன்மொழி எதுவும் தொங்கவில்லை. அதுவே எனக்குப் பாதி நம்பிக்கையைக் கொடுத்தது. நான் தூக்கத்தைச் சொன்னேன், பசியைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்த பின்னும் பேசவில்லை. அடுத்த அறையில் யாரோ முனகியபடி காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனத்துக்கு என்னிடம் பாடம் இல்லாததால், நானாகவே கையைப் பற்றிச் சொன்னேன்.

"எந்தக் கை?"

"ரெண்டும்" என்றேன். பிறகு, "வலது கொஞ்சம் அதிகம்" என்றேன். எங்கிருந்து அது வந்தது என்று தெரியவில்லை. அக்கா இடுக்கி பிடிப்பது வலது கையில்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அதே குரல். நான் வாயைத் திறந்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் நான் சொல்வது பொய்யாகத்தான் இருக்கும். இரண்டில் ஒன்று யாரோ ஒருத்தியைக் கொன்றுவிடும் பொய்.

"தெரியல."

"உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்கு" என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கவுன் கதை உட்பட. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கவுன் கதையில் ஒரு கணம் நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டார். "நீங்க எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எங்க வீட்ல அக்கா டிபார்ட்மெண்ட் மேடம்."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு நாள் அதப் பேசுவோம். இப்ப வீட்டுக்குப் போய் அவங்ககிட்ட அந்தக் கேள்வியக் கேளுங்க. இன்னிக்கே. சுத்தி வளைக்காம, நான் கேட்ட மாதிரியே. கேட்டா அந்த நெனப்பு வந்துடும்னு பயப்பட வேணாம், கேட்டு வர்றதில்ல அது. ஆமான்னு சொன்னா அவங்களத் தனியா விடாதீங்க, உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க. நான் எடுக்கலைன்னா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் பண்ணுங்க, வீட்டுக்கே வருவாங்க." இரண்டு எண்களையும் என் கைப்பேசியில் அவரே பதித்துக் கொடுத்தார். அந்த ஜலதோஷத்தோடேயே எழுந்து வாசல்வரை வந்தார்.

வீட்டில் அம்மா தையல் இயந்திரத்தில் இருந்தாள். அப்பா வகுப்பு முடித்து வந்து பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, பொருந்துச்சா?"

"பொருந்துச்சும்மா. ஆனா ஒரு கேள்வி கேட்டாங்க. அத நாம அக்காகிட்டக் கேக்கணுமாம்." கேள்வியைச் சொன்னேன்.

இயந்திரம் நின்றது. "வாயக் கழுவுடா" என்றாள் அம்மா. "அதெல்லாம் வாய்விட்டுக் கேக்கற விஷயமா? இல்லாதத நாமளே எடுத்துக் குடுக்கற மாதிரி." சொல்லிக்கொண்டே சட்டைக் கையிலிருந்து தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அம்மா எவ்வளவு நாளாக நூலைப் பல்லால் அறுக்கிறாள்? அவளுடைய கத்தரிக்கோல் எப்போதும் இயந்திரத்தின் வலப்பக்கத்தில் கிடக்கும், நாங்கள் தொட்டால் அடி விழும். இப்போது அங்கே சுண்ணக்கட்டி மட்டும் இருந்தது. நான் பார்த்த இடத்தை அம்மாவும் பார்த்தாள்.

"எங்கம்மா?"

"என் தலகாணி உறைக்குள்ள" என்றாள், தரையைப் பார்த்து.

அப்பா தொண்டையைச் செருமினார். "குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடிச்சு விழுந்துடுச்சுன்னு சொன்னேனே, துரு ஒண்ணும் பிடிக்கலடா" என்றார். "நான்தான் கழட்டுனேன்."

ஆக, இந்த வீட்டில் எல்லோரும் அந்தக் கேள்வியைக் கேட்டாயிற்று. அக்காவிடம் மட்டும்தான் கேட்கவில்லை. நான் ஊர் முழுக்கப் போய் அவளுடைய பசியையும் தூக்கத்தையும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, இவர்கள் இருவரும் சத்தமில்லாமல், ஒருவருக்கொருவர்கூடச் சொல்லாமல், வீட்டைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அக்காவின் அறைக்கதவைத் திறந்தேன். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து அவள் முதுகில் விழுந்திருந்தது. வழக்கமாக ஏதாவது கோமாளித்தனம் பண்ணிக்கொண்டுதான் உள்ளே போவேன். அன்று ஒன்றும் வரவில்லை.

"அக்கா."

"ம்."

"செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?"

அம்மா வாசலில் மூச்சை இழுப்பது கேட்டது.  

"யாரு கேக்கச் சொன்னா?"

"அந்த மேடம்."

"அவங்க கேட்டப்ப நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னேன்."

"ஏதாவது உளறி வெச்சிருப்பியோன்னு நெனச்சேன்" என்றாள். குரல் சுவரில் பட்டு வந்தது. "சளி பிடிச்சிருக்காடா அவங்களுக்கு? நேத்து அந்த முதுகுவலிப் பயிற்சி எடத்துலருந்து ஒருத்தங்க மூக்கத் துடைச்சுக்கிட்டே தெரு முனை மருந்துக் கடைக்குப் போனாங்களே, ஜன்னல்ல பாத்தேன், அவங்களா?"

"அவங்கதான்னு நெனைக்கறேன். நீ பதில் சொல்லுக்கா."

"தோணியிருக்கு" என்றாள். கொஞ்சம் கழித்து, "தினமும்டா" என்றாள்.

 கைப்பேசியை எடுத்தேன். மேடத்தின் எண்ணை அழுத்தினேன். மணி போகிற சத்தம் அறைக்குள் பெரிதாகக் கேட்டது. அப்பா அம்மாவின் பின்னால் வந்து நின்றார். அவர்களை உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

மணி போய்க்கொண்டே இருந்தது. அக்கா மெதுவாகப் புரண்டு, முழங்கால்களை மடக்கிக்கொண்டு, கட்டிலில் நான் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.